வடிவா இருங்கோ

உ

பண்டத்தரிப்பு,
வியாழக்கிழமை.

பாசமும் மதிப்பும் உள்ள இராசமலர் அக்காவுக்கு, தம்பி பரமலிங்கம் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் குணலட்சுமியும் பசுவும் வைரவர் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். பசுவுக்கு மட்டும் போன கிழமை வயிறு ஊதிக்கிடந்தது, இப்போது இறங்கிவிட்டது. அங்கே நீங்களும் அத்தானும் கலியாணப் பெண் தக்சாயினியும் அந்த டென்மார்க் குளிர் எலும்புக்குள் இறங்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று வைரவருக்குத் தினமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மற்றது அக்கா, போன மாதம் நீங்கள் கலியாணத்துக்குக் கூப்பிட்டபோது தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம், வர ஏலாது என்று சொன்னேன். 'படத்தை எண்டாலும் எடுத்து வையடா, பிறகு விசாவுக்கு அந்தரப்பட்டு ஓட ஏலாது' என்று சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானே போன் எடுத்து 'வாறன் அக்கா' என்றேன். நீங்கள் அழுதீர்கள். அழுது முடித்து மூக்கைச் சீறிவிட்டு, 'வெங்காயத்துக்கு என்னடா நடந்தது?' என்று கேட்டீர்கள். நான் இருமினேன். குணலட்சுமி பக்கத்தில் நின்றாள் அக்கா, அவள் காதில் விழக்கூடாத கதை இது. அதனால்தான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் பேனை பிடித்து எழுதுகிறேன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் அத்தானிடம் காட்டாதேயுங்கோ. செல்வநாயகி மச்சாளின் மகன் றஞ்சித் நாளைக்கு உங்கே திரும்புகிறான், அவன் கையில் படமும் கடிதமும் வரும்.

வெங்காயத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை நிறத்தில். எங்கள் வளவில் நீங்கள் வெள்ளை, நான் கறுவல். பள்ளிக்கூடத்தில் கறுவல், தோட்டத்தில் கறுவல், சங்கக்கடைச் சாமானுக்குக்கூட 'கறுவல், உன்ரை மா வந்திட்டுது' என்றுதான் கூப்பிட்டார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் உங்கள் கலியாணத்தில் படம் பிடிக்க வந்த மனிசன், 'அந்தக் கறுத்தப் பெடியனைக் கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ, வெளிச்சம் பத்தாது' என்று சொன்னான். பின்னுக்குப் போனவன் போனவன்தான். உங்கள் அல்பத்தை எடுத்து வடிவாகப் பாருங்கோ, வாழைக்குலைக்குப் பக்கத்தில் ஒரு காது தெரியும். அது என்ரை காது. அதற்குப் பிறகு யார் கமராவைத் தூக்கினாலும் எனக்கு ஏதோ ஒரு மாடு அவிழ்ந்துவிடும், நான் பிடிக்கப் போய்விடுவேன்.

இப்போது தக்சாயினிக்கு மாப்பிள்ளை வெள்ளைக்காரன். அவன் வீட்டார் எல்லாரும் பால் நிறம் என்று றஞ்சித் சொன்னான். அவங்களுக்கு முன்னால் நான் எப்படி நிற்பது? ஆனால் ஒரு விஷயம் கேட்கவேண்டும், கோபிக்காதேயுங்கோ. உங்கே நீங்களும் கறுப்பாமே? றஞ்சித்தான் சொன்னான். 'மாமி அங்கை பஸ்ஸிலை ஏறினா மாமிதான் கறுப்பு' என்றான். நான் நம்பவில்லை. எங்கடை ஊரின் வெள்ளையை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கறுப்பாக்கிற தேசமும் இருக்குமோ?

சரி, செவ்வாய்க்கிழமைக் கதைக்கு வாறன். அனுப்புவதுதான் அனுப்புகிறோம், சம்பந்தி வீட்டுக்காரர் பயப்படாத மாதிரி ஒரு படம் அனுப்புவோம் என்று குணலட்சுமியின் பவுடர் டப்பாவை எடுத்து முகத்தில் பூசினேன். ஒரு பூச்சுக்குப் பிடிக்கவில்லை, என்ரை தோல் நெல்வயல் மாதிரி, எவ்வளவு ஊற்றினாலும் இழுத்துக்கொள்ளும். அதனால் திரும்பத் திரும்பப் பூசி, வெள்ளைச் சேட்டும் போட்டு, யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். பங்குனி வெயில். சனநெரிசல். வியர்வை இறங்குகிறது, பவுடர் அதோடு வாய்க்கால் வெட்டிக்கொண்டு இறங்குகிறது. கொண்டக்ரர்ப் பெடியன் என்னைப் பார்த்துவிட்டு, 'வெள்ளைக்கார ஐயா, முன்னுக்குப் போங்கோ! ஐயாவுக்கு வழி விடுங்கோ, சுற்றுலா வந்தவர்!' என்று கத்தினான். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்கிறது, ரிக்கற்றும் எடுத்துவிட்டேன்.

ஸ்ரூடியோ பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. உள்ளே போனால் ஒரு பெட்டை நிலம் துடைத்துக்கொண்டு நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டி, ஆம்பிளைகளின் களிசான் போட்டு, நிறத்தில் என்னையும் வென்றவள். நான் கதிரையில் இருந்துகொண்டு, 'பிள்ளை, படம் எடுக்கிற ஆளைக் கூப்பிடு' என்றேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, திரைக்குப் பின்னால் போய், கையைக் கழுவி, கமராவோடு வெளியே வந்து, 'கூப்பிட்டனான் ஐயா, வந்திட்டா' என்றாள். பெயர் ஜெனிற்றாவாம். கடையும் அவளுடையதுதான்.

எனக்கு மனம் இடிந்துபோனது அக்கா. பெட்டை படம் எடுக்கிறது ஒன்று, அதிலும் இப்படிக் கறுத்த பெட்டை எடுத்தால் படம் இன்னும் கறுத்துப் போகாதோ என்று யோசித்தேன். ஓம், யோசித்தேன். கறுவல் என்று ஊரெல்லாம் கேட்டவனின் புத்தி போன போக்கைப் பாருங்கோ. கமராவுக்குள் அவளின் நிறம் வடிந்து இறங்கும் என்று நினைத்தவன் நான்.

அவள் என்ரை முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துவாயை நீட்டினாள். 'ஐயா, பின்னாலை குழாய் இருக்கு. முகத்தை வடிவாக் கழுவிப்போட்டு வாங்கோ.'

'பிள்ளை, கொஞ்சம் வெள்ளையா வரவேணும். கொம்பியூட்டரிலை எண்டாலும்...'

'விசாப் படத்தை வெள்ளையாக்கப்படாது ஐயா. ஆள் மாறிப்போச்செண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.'

இந்த உலகத்தில் நான் கறுப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒரு கந்தோர் இருக்கிறது அக்கா, அது விசாக் கந்தோர்.

கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். அவள் கமராவுக்குப் பின்னால் குனிந்தாள். நான் வழக்கம்போல மாடு அவிழ்ந்துவிடாதோ என்று வாசலை ஒருக்கால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினேன். அப்போது அவள் தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்து, சிரிக்காமல் சொன்னாள்:

'ஐயா, வடிவா இருக்கிறியள். அப்படியே இருங்கோ.'

அக்கா, இந்த வயதுவரைக்கும் என்னைப் பார்த்து அந்தச் சொல்லை ஒருத்தரும் சொன்னதில்லை. அம்மாகூட 'என்ரை பிள்ளை கெட்டிக்காரன்' என்று பேச்சை மாற்றிவிடுவா. நான் அப்படியே இருந்தேன். படம் எடுத்து முடிந்த பிறகும் இருந்தேன். 'ஐயா, எழும்பலாம்' என்று அவள்தான் எழுப்பினாள். மின்சாரம் நின்றுவிட்டதால் படம் அடிக்க ஏலாது, நாளைக்கு வரச்சொன்னாள். எனக்குச் சந்தோஷம், இன்னொரு முறை வரலாம் அல்லவா.

வீட்டுக்கு வந்தது பஸ்ஸிலோ பறந்தோ தெரியாது. கிணற்றடியில் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு மனிசன் நின்றான், மூக்கு ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. குணலட்சுமியிடம் போய், 'இஞ்சை, நான் எப்பிடி?' என்று கேட்டேன்.

'எது எப்பிடி?'

'ஆள்... பார்க்க?'

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்ரை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். 'காய்ச்சல் இல்லையே. இஞ்சாருங்கோ, பஸ்ஸிலை ஏதும் வாங்கிக் குடிச்சனீங்களோ?'

அன்று பின்னேரமே பக்கத்து வளவுப் பொன்னம்பலம் அண்ணை தோடம்பழத்தோடு வந்துவிட்டார். பரமலிங்கம் தானாகப் போய்ப் படம் எடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, எனக்கு நோய் கடுமை, வீட்டார் மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம். 'தம்பி, கல்வெட்டுக்கு நல்ல படம் ஒண்டு இருக்கிறது நல்லதுதான். ஆனா தைரியத்தை விடாதை' என்று, என்ரை செத்தவீட்டுக்கு அச்சடிக்கப்போகிற புத்தகத்தை நினைத்துக் கையைப் பிடித்தார். எனக்கு ஒன்றுமில்லை, டென்மார்க் போகிறேன் என்று சொன்னேன். 'ஓமோம், எல்லாரும் ஒருநாளைக்குப் போறதுதானே' என்று மேலே பார்த்தார். தோடம்பழம் நல்ல இனிப்பு. அவர் போன கையோடுதான் உங்களுக்குப் போன் எடுத்து வாறன் என்றேன். இப்போது விளங்குகிறதா, வெங்காயத்துக்கு என்ன நடந்தது என்று?

புதன்கிழமை படத்தை வாங்கப் போனேன். புதுச் சேட்டு. ஜெனிற்றாவுக்கு ஒரு பை முருங்கைக்காயும் கொண்டுபோனேன். உள்ளே வேறு ஆளுக்குப் படம் எடுக்கிறாள், நான் திரைக்கு இந்தப் பக்கம் வாங்குப் பலகையில் இருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது: 'ஐயா, வடிவா இருங்கோ.'

எட்டிப் பார்த்தேன். கதிரையில் ஒரு மனிசன், உலகத்தில் உள்ள எல்லாரோடும் கோபித்துக்கொண்டவர் மாதிரி முகம், புருவம் இரண்டும் ஒன்றாய்ப் போய்விட்டது. இவருமா வடிவு? சரி, அவளுக்கு இரக்க மனம் என்று நினைத்தேன். அடுத்து ஒரு தாயும் கைக்குழந்தையும். குழந்தை வீரிட்டு அழுகிறது, மூக்கு வடிகிறது. 'பிள்ளையை வடிவாப் பிடியுங்கோ அம்மா.' பிறகு, 'அந்தக் கதிரையை வடிவா இழுத்துப் போடுங்கோ.' முருங்கைக்காய்ப் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். அந்த நேரம் அவளின் போன் அடித்தது. எடுத்துச் சொன்னாள்: 'ஓம் அம்மா, வாறன், வாறன். நீங்கள் அந்த மீனை வடிவாக் கழுவி வையுங்கோ.'

மீன், அக்கா. மீனும் நானும் ஒரே வரிசை.

தக்சாயினிக்கு வாசித்துக் காட்டினால் அவளுக்கு விளங்காது, ஆனபடியால் எழுதுகிறேன். வடிவு என்றால் அழகு. ஆனால் எங்கடை ஊரில் வடிவாய்ப் பார் என்றால் கவனமாய்ப் பார், வடிவாய்க் கழுவு என்றால் ஊத்தை போகக் கழுவு, வடிவாய் இரு என்றால் நெளியாமல் ஒழுங்காய் இரு. பிறந்த நாளிலிருந்து கேட்கிற சொல். முகத்தை வடிவாய்க் கழுவு என்று அவள் சொன்னபோது சரியாய் விளங்கிய எனக்கு, வடிவாய் இருக்கிறியள் என்றபோது மட்டும் விளங்காமல் போய்விட்டது. விளங்காமல் போகவேண்டும் என்று எத்தனையோ காலமாய்க் காத்துக்கொண்டு இருந்திருக்கிறேன் போல.

முருங்கைக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். படமும் வேண்டாம், விசாவும் வேண்டாம், வெங்காயம் கிண்டுவோம், அக்காவுக்குப் போனில் இன்னொரு மாடு அவிழ்த்துவிடுவோம் என்று வாசலுக்கு வந்துவிட்டேன். 'ஐயா! படம் அடிச்சு வைச்சிருக்கிறன், எங்கை போறியள்?' என்று வந்து மறித்தாள்.

எனக்குப் பொல்லாத கோபம். 'பிள்ளை, நீ எல்லாருக்கும் வடிவா இருங்கோ எண்டுதான் சொல்லுவியோ?'

'ஓம் ஐயா. எல்லாருக்கும்தான் சொல்லுறனான்.' கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: 'ஆனா சொன்ன உடனை எல்லாரும் இருக்கினமே? வாய் நோகச் சொல்லவேணும். நீங்கள் நான் சொல்ல முதலே இருந்தியள். அதுதான் அப்படியே இருங்கோ எண்டனான்.'

நான் கதிரையில் இருந்த விதத்தைச் சொன்னாளோ, மற்றதைச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அந்தப் பெட்டை பொய் பேசுகிற ஆள் இல்லை. முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கினேன். பார்த்தேன். கறுப்புத்தான். ஆனால் இரண்டு காதும் இருக்கிறது அக்கா, இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு முகமும் இருக்கிறது. வாசலைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறேன்.

ஆகவே நான் வருவது வருவதுதான். கலியாணத்தில் முன்னுக்குத்தான் நிற்பேன். படம் எடுக்கிறவன் வெளிச்சம் பத்தாது என்றால் லைற்றைக் கூட்டிப் போடச் சொல்லுங்கோ. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கோ, ஜெனிற்றா அந்தச் சொல்லை மீனுக்கும் சொல்லுவாள், கதிரைக்கும் சொல்லுவாள். அதை நம்பி ஒருத்தரும் பெருமைப்பட்டு நெளியக்கூடாது.

அத்தானுக்கு முழங்கால் நோவு குறைய வைரவருக்கு ஒரு வடைமாலை நேர்ந்திருக்கிறேன், வடைமாலை நான் போடுவேன், நடப்பது அவர் பொறுப்பு. தக்சாயினிக்கும் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் மாமனின் ஆசீர்வாதம். பல்லாண்டு காலம் ஆளையாள் குறை பிடிக்காமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
பரமலிங்கம்.

பி.கு: சோற்றுப்பசை போட்டு ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் குணலட்சுமி சந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். போனது ஸ்ரூடியோவுக்கு. தானும் கலியாணத்துக்கு வருகிறாளாம், விசாவுக்குப் படம் எடுத்துவிட்டாளாம். உங்களுக்குத் தெரியும்தானே, அந்த மிதப்புப் பல்லுக்காக முந்தானையால் வாயைப் பொத்தாமல் அவள் எவரோடும் கதைக்கமாட்டாள். இப்போது தேத்தண்ணியோடு வந்து என் முன்னால் நின்றாள், முந்தானை தோளில் கிடக்கிறது.

'இஞ்சாருங்கோ, அந்தப் பெட்டை எனக்கு என்ன சொன்னது தெரியுமோ?'

'என்னவாம்?'

'வாயை மூடினா நான் நல்ல வடிவாம்.'

விசாப் படத்துக்குப் பல்லுத் தெரியக்கூடாது அக்கா. வாயை வடிவா மூடுங்கோ என்றுதான் அந்தப் பெட்டை சொல்லியிருக்கும். எனக்குச் சத்தியமாய்த் தெரியும். குணலட்சுமி தேத்தண்ணியை வைத்துவிட்டு, போகாமல் நின்று கேட்டாள்: 'அது எல்லாருக்கும் உப்பிடித்தான் சொல்லுமோ?'

'சீச்சீ,' என்றேன், 'அப்பிடிச் சும்மா சொல்லுற ஆளில்லை அது. எனக்கே சொல்லேல்லை.'

ஆகையால் அக்கா, மேலே எழுதியது ஒன்றும் நடக்கவில்லை. வாசித்த உடனே கிழித்து அடுப்பில் போடுங்கோ. உங்கே அடுப்பில் நெருப்பு இல்லையாம், றஞ்சித் சொன்னான். அப்படியென்றால் வடிவாய்க் கிழியுங்கோ.