பாசிட்டிவ் தண்ணீர்

அறிவியல் உலகம் இத்தனை காலமும் ஒரு பெரும் பிழையைச் செய்துவந்தது. ஆய்வை முதலில் செய்துவிட்டு, பிறகுதான் அதைப் பேசக் கற்றுக்கொண்டது. அந்தப் பிழையைத் திருத்திய பெருமை பெரம்பலூர் – அரியலூர் சாலையில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கே உரியது. இளநிலை அறிவியல் மாணவர்களுக்கு 'ஆய்வு வழங்கல் பயிலரங்கு' நடத்தினோம். வணிகவியல் ஆசிரியனான நான் ஒருங்கிணைப்பாளர். அறிவியல் தெரியாதவன் பாரபட்சம் காட்டமாட்டான் என்பது நிர்வாகத்தின் 'தொலைநோக்கு'.

திருச்சியிலிருந்து ஆளுமை நிபுணர் அறிவரசன் வந்தார். எப்படி நிற்பது, எப்போது புன்னகைப்பது, தாளாளருக்கு எத்தனை ஸ்லைடுகளில் நன்றி சொல்வது என்று காலை முழுவதும் கற்பித்தார். பிற்பகல் ஒத்திகையில் அவரிடம் முத்தமிழ் சிக்கினாள். பூலாம்பாடிப் பெண், நுண்ணுயிரியல் மூன்றாமாண்டு. விடுதித் தண்ணீரைச் சோதித்திருந்தாள்.

"என் ரூம்ல இருக்குற இஃப்பத்துக்கு டைபாய்டு சார். லெப்பைக்குடிக்காட்டுலேருந்து அவங்க அத்தா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. அப்பறந்தான் டெஸ்ட் பண்ணேன்."

"அது தரவு இல்லம்மா, சோகம். சோகத்த ஸ்லைடுல போடக் கூடாது. ரிசல்ட் என்ன?"

"எல்லாத் தொட்டியும் பாசிட்டிவ் சார்."

"பிரமாதம்! பச்சைக் கலர்ல பெருசாப் போடு."

"சார், பாசிட்டிவ்னா..."

"சிரிச்சுக்கிட்டே சொல்லு."

நிறைவு விழாவில் அந்தப் பச்சை எழுத்தைக் கண்டதும் தாளாளர் வைரக்கண்ணு எழுந்து நின்று கைதட்டினார். "ஆளாளுக்குக் குறை சொல்ற காலத்துல, நம்ம தண்ணியப் பத்தி எவ்ளோ பாசிட்டிவா பேசுது பாருங்க இந்தப் பொண்ணு! முதல் பரிசு இதுக்குத்தான்!" அரங்கம் அதிர்ந்தது. நுண்ணுயிரியல் துறைத் தலைவர் மட்டும் தட்டவும் முடியாமல், தட்டாமலிருக்கவும் முடியாமல் தலையைச் சொறிந்தார்.

முத்தமிழ் கோப்பையை வாங்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, பாசிட்டிவ்னா தண்ணில மலக்கிருமி இருக்குன்னு அர்த்தங்க."

தாளாளர் வாயில் அப்போதுதான் ஊற்றிய தண்ணீர் இருந்தது. துப்பினார். எங்கள் நிர்வாகம் இவ்வளவு விரைவாக ஒரு முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த முடிவும் தாமதமாகவில்லை. தொட்டியைக் கழுவவில்லை, பரிசைத் திரும்பப் பெற்றார்கள். காரணம்: 'உடல்மொழிக் குறைபாடு'. ஆய்வகத்துக்குப் பூட்டு போட்டார்கள்.

அவள் உட்கார்ந்து தன் ஆய்வை எழுதினாள். எந்தத் தொட்டி, எப்படிச் சோதித்தாள், என்ன கண்டாள், யாருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே பக்கம். நன்றியுரை கிடையாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்து தொட்டியைத் திறந்தார். உள்ளே என்ன இருந்தது என்பதை மங்கலம் கருதி விட்டுவிடுகிறேன். அன்றே தண்ணீரை வடித்துக் கழுவினார்கள்.

தாளாளர் என்னை அழைத்தார். "படிச்ச ஒடனே புரியுற மாதிரி எழுத எவன்யா அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தான்? நீங்களா?"

"சத்தியமா இல்லீங்கய்யா."

எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். 'எமது பயிலரங்கில் உண்மையைத் தெளிவாக எழுதுவதற்கு எவருக்கும் எப்பயிற்சியும் அளிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இந்தக் கல்லூரியில் நான் எழுதிக் கொடுத்ததிலேயே பொய் கலக்காத விளக்கம் அதுதான்.