ராஜபார்ட்டுக்குப் போர்த்திய மாமனார் கோட்டு

மேடையில் ஒருவருக்குப் போர்த்திவிட்டதைத் திருப்பிக் கேட்பதற்கு எந்த மொழியிலும் வார்த்தை கிடையாது. நான் தேடிப் பார்த்தாகிவிட்டது.

கல்யாணமான புதிதில், ஊட்டிப் பக்கம் நடுவட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த மாமனார் வீட்டுக்குத் தாராபுரத்திலிருந்து விருந்துக்குப் போயிருந்தோம். எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் எங்கள் பக்கத்து நாடக ராஜபார்ட் பாடுகிறார் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விடிய விடிய அவர் நாடகம் பார்த்தே பத்தாம் வகுப்பில் ஃபெயிலானவன் நான். (மறுபடி ஃபெயிலானது என் சொந்த முயற்சி.) இந்தத் தடவை வேஷம் இல்லை, ஆர்மோனியம் இல்லை. கோயம்புத்தூர் ஆர்கெஸ்ட்ராவோடு நாடகப் பாட்டுகள் மட்டும்.

நான் கொண்டுபோயிருந்ததோ மல்வேட்டியும் நைலான் சட்டையும். மாமனார் பீரோவைத் திறந்து தன் கம்பளிக் கோட்டை எடுத்தார். ஊட்டி மலர்க் காட்சிக்கும் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் கோட்டு அது.

"ஏனுங்க மாப்ள, பத்திரமுங்க. எம்பட புள்ளயக் குடுத்தப்பக்கூட நான் இத்தன ரோசன பண்ணலீங்க" என்றார். (சிரிக்காமல்தான் சொன்னார்.)

சாயங்காலம் நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கிரீடமும் ஒட்டுமீசையும் இல்லாமல், பட்டு ஜிப்பாவில் வெடவெடவென்று நடுங்கியபடி வந்து நின்றார் ராஜபார்ட். ஆலாபனையைத் தொடங்கினார். பல் கிட்டித்து, "த... த... த... த..." என்றுதான் வந்தது. டிரம்ஸ்காரர் அதையே தாளமாக நினைத்து வாசிக்க ஆரம்பித்தார். பின்வரிசையில் விசில் பறந்தது. "போதும், எறங்குய்யா!" என்று ஒருவன் கத்தினான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராஜா வேஷத்தில் ஊரையே அழவைத்த மனுஷன், ஸ்வெட்டர் போட்ட கும்பல் முன்னால் அவமானப்படுவதா? பாய்ந்து மேடையேறி, கோட்டைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினேன். மைக்செட்காரர் சும்மா இருக்கக் கூடாதா? "மளிகைக் கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளை, அண்ணனுக்குக் கம்பளிக் கோட்டு அன்பளிப்பு!" என்று அறிவித்துவிட்டார். கூட்டமே கை தட்டியது. முதல் வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை.

அப்புறம் பாடினார் பாருங்கள், அடேயப்பா! உடம்பில் சூடு ஏற ஏறக் குரலும் ஏறியது. விசிலடித்தவனே 'ஒன்ஸ்மோர்' கேட்டான். நான் குளிரில் நடுங்கிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். பக்கத்தில் மாமனார் தன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கூறு இருக்குதுங்களா? போயி வாங்கிட்டு வாங்க" என்று கிள்ளினாள் என் மனைவி சுமதி.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். ராஜபார்ட் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, இத்தனை வருஷமா எனக்குப் போத்துனதெல்லாம் சல்லாத் துணி. குளுருமேன்னு போத்துனவன் நீ ஒருத்தன்தான்யா. நான் கட்டையில போறப்பவும் இது எம்மேல கெடக்கும்."

இதற்கு மேல் மனுஷன் எப்படிக் கேட்பது? வாயை மூடிக்கொண்டாவது வந்திருக்கலாம். "இதுக்கு ஜோடி பேண்ட்டும் இருக்குதுங்கண்ணா" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆர்கெஸ்ட்ரா வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே ராஜபார்ட், கோட்டோடு. "தம்பி, ஜோடி பேண்ட்டும் இருக்குதுன்னியே?" என்றார். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, பேண்ட்டை மடித்து, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். "மாப்ள நேத்தே எடுத்து வெக்கச் சொன்னாருங்க" என்றார். என் மானத்தைக் காப்பாற்றிய மகராசன்.

அதன்பிறகு அவர் வேறு கோட்டுத் தைத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரக் கல்யாணங்களில் யாராவது, "ஏனுங்க, கோட்டக் காணோமுங்க?" என்று கேட்டால் போதும், என் பக்கம் திரும்பாமலே சொல்வார்:

"அது கச்சேரிக்குப் போயிருக்குதுங்க."