குழந்தை வண்டியில் ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் சாமை

தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்குச் சில வருஷங்களில் ஒரு வியாதி வந்துவிடும். கண்ணால் பார்ப்பதை நம்ப மாட்டான். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் நம்புவான். அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் என் மகள் பிறந்தாள். அதனால் நடந்த கூத்தை எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

அப்போது எனக்கு வெள்ளிமலையில் வேலை. மலையில் விளைகிற சாமை, புளி, கடுக்காய், தேன் எல்லாவற்றையும் வாங்கிக் கீழே அனுப்புகிற ஒரு கிடங்கில் எடை போடுகிறவன் நான். (மாமனார் வீட்டில் மட்டும் 'மேனேஜர் மாதிரி' என்று சொல்லிவைத்திருந்தேன். அந்த 'மாதிரி'யை யாரும் கவனிக்கவில்லை.)

மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். நாலு நாள் இருந்தான். எங்கள் பக்கத்தில் பச்சைக்குழந்தை போய்விட்டால் பாடை கட்டுவதில்லை, மேளம் அடிப்பதில்லை. புது வெள்ளைத் துணியில் முகம் உள்பட முழுக்கச் சுற்றி அப்பன் கையில் கொடுத்துவிடுவார்கள். அவன் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நடந்தேன். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு, கிடங்கில் எதையாவது இரண்டு கையிலும் ஏந்த நேர்ந்தால் கை நடுங்கும். அடுத்த குழந்தையை நான் தூக்கப் போவதில்லை, சக்கரத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் போகப் போகிறேன் என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். இதை என் மனைவி மரகதத்திடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "மலையில கீற வூட்டுக்கு வண்டி எதுக்குங்க?" என்று அவள் அத்தனை தடவை கேட்டிருக்க மாட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தையைத் தனி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மரகதம் வயிற்றில் தையலோடு வார்டில் படுத்திருந்தாள். நான் வராந்தாவில் ஒரு பெஞ்சில். தினமும் காலையில் குழந்தையை எடை போடுவார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று முள்ளைப் பார்ப்பேன். ஏறினால் இட்லி சாப்பிடுவேன். இறங்கினால் சாப்பிட மாட்டேன். முதல் வாரத்தில் இட்லி சாப்பிட்ட ஞாபகமே இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் டாக்டரம்மா சிரித்தார்.

"ஒரு கிலோ தொள்ளாயிரம் வந்திருக்கு. ரெண்டு கிலோ ஆகட்டும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

இன்னும் நூறே கிராம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மரகதத்திடம் சொன்னேன். வண்டி வாங்கிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "மொதல்ல வூடு வந்து சேரட்டுங்க. வண்டி எங்க ஓடிப்போவப் போவுது? முன்னாடியே எதுவும் வாங்க வேணாம்" என்றாள். பையனுக்கு முன்கூட்டியே தொட்டில் வாங்கியிருந்தோம். அதைத்தான் அவள் நினைத்தாள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும், "சும்மா பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

கடைவீதியில் சைக்கிள் விற்கிற பாய் கடையில்தான் குழந்தை வண்டிகளும் இருந்தன. மொத்தம் மூன்று. முதலாவது குடை மாதிரி மடங்கும். சக்கரம் அப்பளத்தின் கனம்தான் இருந்தது. வெள்ளிமலை ரோட்டில் ஒரு கல்லுக்குத் தாங்காது. இரண்டாவது நீல நிறம், பொத்தானை அழுத்தினால் பாட்டுப் பாடும், ஆனால் பிரேக் கிடையாது. எங்கள் வீடு சரிவில் இருந்தது. கையை விட்டால் குழந்தை பாடிக்கொண்டே பள்ளத்துக்குப் போய்விடும். மூன்றாவதுதான் வண்டி. ரப்பர் சக்கரம், அடியில் ஸ்பிரிங், காலால் மிதிக்கிற பிரேக், இடுப்புக்கு வார். நான் குப்புறப் படுத்து அச்சாணியைப் பார்த்தேன். பிரேக்கைப் பதினைந்து தடவை மிதித்தேன். ஸ்பிரிங்கை அழுத்திக் காதை வைத்துக் கேட்டேன்.

பாய் பொறுமையிழந்தார். "சார், பொண்ணு பாக்கறதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவாது சார்."

"கொழந்தையோட வெயிட்டுக்கு இது எப்படி ஓடும்னு தெரியணும் பாய்."

"அப்போ கொழந்தைய இட்டுகினு வாங்க."

"வர முடியாது. பொட்டிக்குள்ள இருக்குது."

அவர் முகம் மாறியது. ஆஸ்பத்திரிப் பெட்டி என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் பையில் மலையிலிருந்து கொண்டுவந்த சாமை இருந்தது, மரகதத்துக்குக் கஞ்சி வைக்க. பக்கத்து மளிகைக் கடையில் தராசு இருந்தது. பிறகென்ன? ஒரு கிலோ தொள்ளாயிரம், ஒரு குன்றிமணி கூடக் குறையாமல் நிறுத்தேன். அப்படியே கொட்டினால் வண்டித் துணியில் மணி மணியாகச் சிக்கிக்கொள்ளும் என்று பாய் கத்தினார். அதனால் அன்று காலையில் வாங்கியிருந்த புதுத் துண்டில் சுற்றினேன். வெள்ளைத் துண்டு. சிந்தாமல் இருக்கத் தலைமாடு, கால்மாடு இரண்டிலும் இறுக்கி முடிந்தேன். வண்டியில் படுக்க வைத்து வாரைப் போட்டேன். மரகதத்துக்கு வாங்கிய இரண்டு முழம் மல்லிகைப்பூ கையில் இருந்தது. தள்ளுவதற்குக் கை வேண்டுமே என்று அதை மூட்டையின் மேல் வைத்தேன்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வரேன் பாய். ரோட்டுல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று பையை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். செருப்பைக் கடை வாசலில் கழற்றியவன், போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.

இப்போது என்னைப் பாருங்கள். ஒன்பது நாள் தாடி. தூக்கமில்லாமல் சிவந்த கண். வெறுங்கால். வெள்ளைத் துணியில் முழுக்கச் சுற்றின சின்ன மூட்டை, அதன் மேல் பூ. குலுங்கக் கூடாது என்பதற்காக அடிமேல் அடி வைத்து, சக்கரத்தையே பார்த்துத் தலையைக் குனிந்தபடி நடக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு மூட்டையைக் கையில் ஏந்தி நடந்தவன் நான். எனக்கே தோன்றவில்லை என்றால் இன்றுவரை யாரும் நம்புவதில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. என் கவனமெல்லாம் இடது பக்க முன்சக்கரத்தில் இருந்தது. லேசாக ஆடியது.

முதலில் டீக்கடை ரேடியோ நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்றார். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இந்த மாதிரி வண்டியை ஊரில் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது, அதுதான் இப்படி அசந்து நிற்கிறார்கள் என்று நான் நினைத்தேன். (இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.) நாலு ரோட்டில் போலீஸ்காரர் என்னைப் பார்த்ததும் கையை நீட்டி ஒரு பஸ்ஸையே நிறுத்திவிட்டார். நான் அவருக்கு ஒரு சின்னப் புன்னகை செய்தேன். அவர் திடுக்கிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

அவர் நிறுத்தியது ரிஷிவந்தியத்திலிருந்து வந்த பஸ். அதன் முன் ஜன்னலில் மரகதத்தின் சின்னம்மா, மடியில் ரசம் சாதத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் பையன் போன அன்று என் கையில் அந்தத் துணியைச் சுற்றிக் கொடுத்தவர் அவர்தான். என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். தூக்கை அப்படியே போட்டுவிட்டு மறு பக்கமாக இறங்கி, சந்து வழியே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்.

நான் நிதானமாக, ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கி ஏற்றிச் சோதித்தபடி போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே ஒப்பாரி கேட்டது. யார் வீட்டுக் குழந்தையோ, பாவம் என்று நினைத்தேன். உள்ளே நூறு கிராம் குறைவாக ஒன்று கிடக்கிறதே என்று வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்குள் நுழைந்தேன்.

கண்ணாடி அறை வாசலில், தரையில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். தையலோடு எப்படி எழுந்து அவ்வளவு தூரம் வந்தாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் சின்னம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "கருவிழி மையழகே, கட்டிக் கரும்பே" என்று அதுவரை பார்த்தே இராத குழந்தையை வர்ணித்துக்கொண்டிருந்தார். மரகதம் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வண்டியில் இருந்த வெள்ளை மூட்டையைப் பார்த்தாள்.

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. (எடை சொல்வதற்காக நாள் முழுக்கக் கத்துகிற வாய்!)

"மொகத்தக் காட்டுடா பாவி! ஒருவாட்டி மொகத்தக் காட்டு!" என்று சின்னம்மா பாய்ந்து தலைமாட்டு முடிச்சை இழுத்தார்.

சாமை கொட்டியது. சலசலவென்று வண்டியிலிருந்து வராந்தா முழுக்க உருண்டது. மரகதத்தின் கால் வரைக்கும் போனது.

துடைப்பத்தோடு நின்ற ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்து, "இன்னா சார் இது, சாமையா?" என்றார்.

"ஒரு கிலோ தொள்ளாயிரம்" என்றேன்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து நர்ஸ் வந்தார். அவர் கையில் என் மகள், வாயோரத்தில் பாலோடு வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். மரகதம் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். சின்னம்மாவுக்கு அழுகையை நிறுத்த வழி தெரியவில்லை. இன்னும் அரை மணி நேரம் சந்தோஷத்துக்காக அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையை முதல்முறையாக உற்றுப் பார்த்து, "இதுக்கா கருவிழின்னு பாடுனேன்?" என்றார். பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தார். அது சாயங்காலம் வரை ஓடியது.

மரகதம் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. குழந்தை இரண்டு கிலோ ஆன அன்றுதான் பேசினாள். "நீங்களே தூக்கிகினு வாங்க" என்றாள். தூக்கினேன். கை நடுங்கியது, ஆனால் விடவில்லை. வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போகிற வழி முழுக்க, அத்தனை வளைவுகளிலும், என் கையில்தான் இருந்தாள். அந்த வண்டியில் குழந்தை ஏறவே கூடாது என்று சின்னம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். பாயும் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அது எங்கள் வீட்டில் பல வருஷம் தண்ணீர்க் குடம் ஏற்றியது. பிரேக் கடைசிவரை நன்றாகவே பிடித்தது, அதையும் சொல்ல வேண்டும்.

கதை சொந்தத்தில் பரவி வளர்ந்தது. சின்னம்மா சொன்னால் போலீஸ்காரர் சல்யூட் அடிப்பார். என் தம்பி சொன்னால் கலெக்டர் ஜீப்பே நிற்கும். ஆனால் யார் ஆரம்பித்தாலும் மரகதம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சின்னம்மாவின் அழுகையை நம்பி ஏமாந்ததில் அவளுக்கு வெட்கம் என்று நானே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

போன வருஷம் மகளுக்கு வளைகாப்பு. பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். எந்தக் குழந்தை வண்டி வாங்கலாம் என்று மருமகன் செல்போனில் காட்ட, நான் வழக்கம்போலக் கதையை எடுத்தேன். "இவ ஒருத்தி, சின்னம்மா அழுததும் அப்படியே நம்பிட்டா" என்றேன்.

மரகதம் அன்று எழுந்து போகவில்லை.

"சின்னம்மா சொன்னத நான் நம்பலங்க" என்றாள். "எந்திரிச்சிப் போய்ப் பாத்தேன். பொட்டி காலியா இருந்துச்சி."

பால் புகட்டுவதற்காக நர்ஸ் குழந்தையை எடுத்துப் போயிருக்கிறார். அது அவளுக்கு எப்படித் தெரியும்? காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்திருக்கிறேன். நர்ஸ் கையில் குழந்தை இருந்தால் பெட்டியில் என்ன இருந்திருக்கும் என்பது, கிராம் கணக்கில் நிறுக்கிற எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கதை பாதியிலேயே நின்றுவிட்டது. என் மகள் வளையல் கையால் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மரகதம்தான் பேசினாள். "இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? சாமை கொட்டுன எடத்தச் சொல்லுங்க. அது கொட்டுனப்போதான் எனக்கு உசுரு திரும்பி வந்துச்சி."

சொன்னேன். கடைசிவரை சொல்லி முடித்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்தக் கதையைப் பாதியில் விட யாருக்கும் அனுமதி இல்லை. இப்போதும் யாராவது ஆரம்பித்தால் மரகதம் அடுப்படிக்குத்தான் போகிறாள். சின்னம்மா முடிச்சை இழுக்கிற இடம் வந்ததும் உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

"சத்தமாச் சொல்லுங்க" என்பாள் அங்கிருந்தே.