அந்த இல்லத்து அழைப்பு மணி பற்றி

அன்பு மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இதற்குள் எனக்குப் போன் வந்திருக்கும்.

இடுப்பெலும்பு முறிந்து உன் வீட்டில் படுத்திருக்கும் உன் அம்மாவை, நீ குடும்பத்தோடு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன் எங்கே விடுவது என்று தவித்து, நீ மயங்கிப்போன அந்த முதியோர் இல்லத்தை என்னையும் பார்த்துவரச் சொன்னாய். பார்த்தேன். வேண்டாம். என் தங்கையை அங்கே விடுவதற்குப் பதில் ரயில் நிலையத்தில் விட்டுவிடு. அங்கே அறிவிப்பாவது ஒழுங்காகச் செய்கிறார்கள்.

வாசலிலேயே மேலாளர், "வாங்க பாட்டிம்மா, மெதுவா, மெதுவா" என்று என் கையைப் பிடித்தார். நான் அவருக்கு எந்த வழியில் பாட்டி? அவர் தலையில் என்னைவிட நரை அதிகம். "கையை விடுங்க. விழறதா இருந்தா சொல்லிட்டு விழறேன்" என்றேன். உள்ளே டிவி ஒரு பக்கம் ஓடுகிறது, நாற்காலிகள் எல்லாம் வேறு பக்கம் பார்க்கின்றன, மூலையில் பிளாஸ்டிக் செடி, அதற்கும் எவரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், சூப் என்று கொடுத்ததைக் குடித்ததும், என் சமையலைக் காலமெல்லாம் குறை சொன்ன உன் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன், அந்த மனிதர் இதை ஒரு வாய் குடித்துவிட்டுச் செத்திருக்கக் கூடாதா! படுக்கை விரிப்போ கொடியில் காயப்போட்டதுபோல் தொங்குகிறது. நான் படித்த கான்வென்ட் விடுதியில் இப்படி விரித்திருந்தால் சிஸ்டர் எங்களை அன்றிரவு தரையில் படுக்க வைத்திருப்பார்.

பராக்குப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவளா நான்? மேலாளருக்குப் போன் வந்த சமயம், காலியாக இருந்த இரட்டைக் கட்டில் அறைக்குள் போய்ப் படுத்து, அழைப்பு மணியை அழுத்தினேன். எழுந்திருக்க முடியாதவள் கூப்பிட்டால் யார் வருகிறார்கள், பார்த்துவிடுவோம். நர்ஸ் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். சரசரவென்று செருப்புச் சத்தம். பக்கத்து அறைகளிலிருந்து மூன்று கிழவிகள்! ஒருத்தி வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஒருத்தி பாதி பின்னிய தலையோடு, ஒருத்தி சும்மா வேடிக்கைக்கு.

"என்னடி ஆச்சு? நெஞ்சு வலியா?" என்றாள் வாக்கர்க்காரி. முன்பின் தெரியாத என்னை 'டி' போட்டு!

"ஒண்ணுமில்ல. மணி வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

"அடிப்பாவி! பின்னலைப் பாதியில விட்டுட்டு ஓடியாறேன்!"

"நர்ஸ் எங்கே?"

"கீழ ஊசி போட்டுட்டிருக்கா. அவ வர்ற வரைக்கும் நாங்கதான் வருவோம்."

நான் சேர வந்தவள் என்று அவர்களுக்கு நினைப்பு. சந்தையில் மாடு பார்ப்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நானும் விட்டேனா? விரிப்பு, சூப், டிவி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன்.

"இது நமக்குச் சரிப்படாது. வாய் நீளம்" என்றாள் பின்னல்காரி, என் முகத்துக்கு நேரே.

"நான் எனக்காக வரல. தங்கச்சிக்காக வந்தேன்."

"அவளும் உன்னை மாதிரிதானா?"

"அவ வாயே திறக்க மாட்டா. வலிச்சாக்கூடச் சொல்ல மாட்டா."

"அப்ப அவ வரட்டும். நீ அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போயிடு."

கேட்டாயா? சோதிக்கப் போனவளையே சோதித்துத் தள்ளிவிட்டார்கள்! இப்படிப்பட்ட வாயாடிகள் நடுவில் என் தங்கையா? பேச்சுக்கே இடமில்லை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். போகிற நாட்டில் நல்ல பெயரெடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பெரியம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "வலிக்குதா?" என்றேன். "இல்லக்கா" என்றாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அந்த இரட்டைக் கட்டில் அறையை இன்றே சொல்லி வை. ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு, மற்றது எனக்கு. அவளுக்கு வலிக்கிறது என்று சொல்ல, வாய் நீண்டவள் ஒருத்தி பக்கத்தில் வேண்டாமா?