நாலு பாட்டுக் கூடுதலாக

என் வலக்கை நடுங்குகிறது என்பதை என் மனைவி அறியவே கூடாது; இது நான் இறைவன் முன் எடுத்துக்கொண்ட உறுதி. அறிந்தால் அச்சு மேசையிலிருந்து இறக்கிவிடுவாள். நாற்பதாண்டாக நான் நின்ற இடம் அது.

போர்வைக்குப் பூ அடிக்கிறேன். கரிய கோட்டு அச்சு முதலில்; சிவப்பு நிரப்பு அச்சு பிறகு. மரத்தைத் துணிமேல் வைத்து, உள்ளங்கையின் அடிப்புறத்தால் ஒரே தட்டு. இப்போதோ ஒரு தட்டு மூன்றாகிறது; சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது. பூக்கள் எல்லாம் நாக்கைத் துருத்துகின்றன. தட்டும் ஓசை வெளியே கேட்காதிருக்க வானொலியை முடுக்கினேன்.

"ஏங்க, காது கிழியுதே!"

"பக்திப் பாட்டு. தெருவே கேட்கட்டும்."

"செய்தி வாசிக்கிறாங்க."

பழுதை உள்ளே வைத்து மடித்துக் கட்டி, கடைக்கு அனுப்ப அவளிடம் கொடுத்தேன். கையை நிலைப்படுத்துமாறு தினமும் கோயிலில் உருகினேன்.

"ஓடி வந்துடாதீங்க. இன்னும் நாலு பாட்டுக் கூடப் பாடிட்டு வாங்க" என்பாள். அவளுக்கும் பக்தி முற்றியது கண்டு கண் கலங்கினேன்.

வேண்டுதல் பலித்தது! கையச்சுத் துணி வியாபாரத்தைப் புதிதாகத் தொடங்கியிருந்த கடைக்காரர் தொலைபேசியில், "ஐயா, ஒரு பூ கூடக் கோடு தாண்டலை!" என்றார்.

அன்று வீட்டில் புதுத் தலையணை உறையில் கோடு தாண்டிய பூக்களைப் பார்த்து எனக்குக் கர்வம்.

"எந்தக் கத்துக்குட்டி அடிச்சது இது?"

"தெரிஞ்சவர்தாங்க" என்றாள், முகம் திருப்பி.

ஆறு மாதம் கழிந்தது. நேற்றுத் தொண்டை கட்டியதால் பாதிப் பாட்டில் திரும்பினேன். வாசலிலேயே கேட்டது: தட். ஒரே தட்டு. என் இளமைக் காலத்துத் தட்டு.

மேசையருகே அவள். உள்ளங்கை சிவந்து காய்த்திருந்தது.

"எப்போலேருந்து?"

"நீங்க ரேடியோ வெச்ச மறுநாள்லேருந்து."

"நான் அடிச்சதெல்லாம்?"

அவள் கண்கள் அறைக்குள் போயின. திரைச்சீலை, மெத்தை விரிப்பு, தலையணை உறை. எங்கும் நாக்குத் துருத்திய பூக்கள்.

"கிழிச்சுப்போட மனசு வரலைங்க."

அடுத்த துணியை மேசைமேல் விரித்தாள்.

"வாங்க, துணி ஓரத்தைப் பிடிங்க."

"ஆடுமே..."

"ஆடட்டும். நான் பாத்துக்கறேன்."

பிடித்தேன். இறைவனைக் குறை சொல்வதற்கில்லை: நான் கேட்ட கையைச் சரியான விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறான், பெற்றுக்கொண்டவள்தான் வேறு.