ஊர்க்காவலன் நாடிப் போர்

வாழ்க ஊர்க்காவலன்! வெடிப்பெட்டி மலைகளை ஒற்றைத் தோளில் ஏந்தும் விறலோன், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுத் தீபாவளி சீசனின் லோடேற்றும் படைத்தலைவன், நாரணாபுரம் ஈன்ற நரசிங்கம் வாழ்க! அவன் இதயத் துடிப்பைப் பாடப் புகுந்தேன். நொடிமுள்ளே, என் நாவுக்குத் துணை நில்!

பட்டாசுக் கம்பெனி அன்று கொடிய ஆணையொன்றை முழக்கியிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கையிலும் நிமிடத்துக்கு நூறுக்கு மேல் நாடி துடிப்பவன் பெட்டி தொடலாகாது. சீசன் முடியும்வரை அவனுக்கு வீடே கதி.

நாடி பார்க்கும் அரியணையில் வீற்றிருந்தாள் செல்லத்தாய். இருபதாண்டு கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடைத்த பொற்கரத்தாள், சென்ற வாரம்தான் முதலுதவிப் பயிற்சி முடித்த புதுமருத்துவி, நம் வீரனின் மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இருவிரல் பதித்து, கடிகாரத்தை முறைத்து, "ரெண்டு, நாலு, ஆறு" என மந்திரம்போல் ஓதி, நிமிட முடிவில் தீர்ப்புரைத்தாள்: நூற்று ஐம்பத்தாறு!

களம் அதிர்ந்தது. சிங்கம் வியர்த்தது.

"யக்கா, நல்லாத்தான் இருக்கேன். இன்னொருக்கப் பாருங்கக்கா!"

மீண்டும் பதிந்தன விரல்கள். அச்சமெனும் குதிரைப்படை நெஞ்சுக்குள் புகுந்து இதயத்தை விரட்ட, எண்ணிக்கை நூற்றெண்பத்து நான்கில் ஏறி நின்றது. "ஏலே, இம்புட்டு அடிச்சா மனுசன் தாங்குவானா? வீட்டுக்குப் போலே!" என்று ஃபோர்மேன் சோலைமலை முழங்கினார். மலைகளைச் சுமந்த மாவீரன் பெஞ்சில் சரிந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டே அழுதான்.

அவ்வேளை விருதுநகரிலிருந்து பஸ் பிந்தி வந்து சேர்ந்தாள் நர்ஸ் அருணாதேவி, வெண்ணுடை வீராங்கனை. மூன்றாம் சுற்று எண்ணப்படுவதைச் செவிமடுத்தாள்.

"ஏங்க்கா, ரெண்டு ரெண்டாவா எண்ணுறீக?"

"பின்ன? ஒத்தை ஒத்தையா எண்ணுனா எப்பம்மா பெட்டி ரொம்பும்?"

சூழ நின்ற பாக்கிங் மாதர் அனைவரும் ஆமோதித்தனர். மத்தாப்பை இரண்டிரண்டாய் எடுத்தடுக்கும் அவர்கள் கணக்கில் குற்றமே இல்லை. துடிப்பு ஒன்றெனில் எண்ணும் ஒன்றே என்ற பேருண்மையை நர்ஸ் நிலைநாட்டி, அழுதவனுக்குத் தண்ணீர் கொடுத்து, கால்மணி நேரம் ஆறவைத்துத் தானே எண்ணினாள். எழுபத்தெட்டு! முரசு அதிர்க, சங்கு முழங்குக, பகைவென்ற பெருநெஞ்சே நீ நீடு வாழ்க!

காலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பதினாலு பேரைக் கூட்டிவர வேன் கிளம்பியது.