காலியாக இருந்த ஷிப்ட் கட்டம்

நெய்வேலி,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ராஜ்மோகன் அவர்களுக்கு, மாமனார் சின்னதுரை எழுதுவது. நீங்களும் பெரியவளும் பெங்களூரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. போனை எடுத்தால், "மாப்பிள்ளையப் போயி குத்தம் சொல்லுவீங்களா?" என்று உங்கள் அத்தை பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் கடிதம்.

இது குற்றமில்லை மாப்பிள்ளை, களைப்பு. மார்ச்சில் ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் சின்னவள் இளவேனில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தால், ஆட்களை அழைப்பதற்குள்ளேயே ஆயுசு போய்விடும் போலிருக்கிறது. நானூறு பேரின் பெயர், பிளாக், ஷிப்ட் எல்லாம் நானே ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றினேன், அவரவர் போனுக்கு அழைப்பு மெசேஜ் போக நீங்கள் புரோகிராம் எழுதித் தந்தீர்கள். ஷிப்ட் இரண்டு என்றால் அவர்கள் வெளியே வர ராத்திரி பத்தாகும், அதனால் மறுநாள் முகூர்த்தத்துக்கு அழைப்பு. இரண்டு இல்லையென்றால் மாலை வரவேற்புக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பட்டனை அழுத்தினேன், ரிடையர் ஆன நாற்பத்து மூன்று பேருக்கு இரண்டு அழைப்புமே போகவில்லை. ரிடையர் ஆனவர்களுக்கு ஏது ஷிப்ட், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். கேட்டால், கட்டம் காலியாக இருந்தால் கணினி அதை இரண்டு என்றும் சொல்லாதாம், இரண்டு இல்லை என்றும் சொல்லாதாம். என் சர்வீசில் எந்த ஃபோர்மேனும் இப்படி வழவழவென்று பதில் சொன்னதில்லை.

அப்புறம் நீங்கள், "காலியாக இருந்தாலும் மாலைக்குச் சேர்த்துக்கொள்" என்று இன்னொரு நிபந்தனையை நுழைத்தீர்கள். நாற்பத்து மூன்று பேருக்கும் போனது. நல்லசாமிக்கு மட்டும் போகவில்லை. என்னோடு ஒரே மிஷினில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, ரிடையர் ஆகி வடலூரில் இருக்கிறானே, அவனுக்கு. நேற்று அவன் மனைவி பார்வதி போன் செய்தது. "அண்ணே, ஊரு பூரா மெசேஜ் வந்திருக்கு, எங்க வூட்டுக்கு மட்டும் வரலீங்களே. ரெண்டு நாளா சரியா சாப்புடாம குந்திகினு இருக்காருங்க." கம்ப்யூட்டரில் கண்டிஷன் தப்பாகிவிட்டது என்று நான் விளக்க ஆரம்பித்ததும், பின்னால் அவன் குரல் கேட்டது. "கண்டிசன் போட்டுக் கூப்புடுற கல்யாணத்துக்கு நாம எதுக்கு? போன வையி!"

நானூறு பேர் வந்தும் அவன் வராவிட்டால் எனக்கு அது கல்யாணமே இல்லை, மாப்பிள்ளை. அவன் ஒருவனை மட்டும் தள்ளிவிடுகிற ஓட்டை உங்கள் நிபந்தனையில் எங்கோ இருக்கிறது. கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் அந்தப் புரோகிராமையே அழித்துவிடுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் இருவரும் சகல சௌபாக்கியங்களோடு நீடூழி வாழ, வள்ளலார் துணை.

களைத்துப்போன மாமனார்,
சின்னதுரை

பி.கு.: உறையில் போடுமுன் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்தேன். அதில் நல்லசாமி பெயரே இல்லை. நான்தான் ஏற்றவில்லை. அழைக்க வேண்டியவர்கள் பெயரைத்தானே ஏற்றினேன். என் பக்கத்தில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று சொல்லப்போகிறவனின் பெயரை எழுதத் தோன்றவே இல்லை. மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அத்தை தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டாள், வடலூருக்குக் கிளம்புகிறோம். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.